மூன்று வயதுக் கைக்குப் பென்சில் எதற்கு?

எல்.கே.ஜி.யில் சேர்ந்த சிசுவின் பையில் நான்கு கோட்டு நோட்டும் வீட்டுப்பாட டயரியும் இருக்கக் கண்டு பெற்றோர் பெருமிதம் கொள்வதும், அவை இல்லாத பள்ளியை ‘அங்கே ஒன்றும் சொல்லித் தருவதில்லை’ என்று ஒதுக்கிவிடுவதும் நம் ஊர்களில் சகஜமாகிவிட்டன. ஒன்றாம் வகுப்புக்கு முந்திய பிராயத்தில் குழந்தையை எழுதும்படி நிர்ப்பந்திப்பதையும், அதற்குப் பரீட்சை வைப்பதையும் அரசாங்கம் விதி செய்து தடுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இது செல்லம் கொடுக்கும் யோசனையன்று. பிறந்த குழந்தையின் மணிக்கட்டு வெறும் குருத்தெலும்பே. அதிலுள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறுகி முடிய ஏறக்குறையப் பன்னிரண்டு வயதாகிறது. மூன்று வயதில் பெரும்பாலும் பாதிகூட இறுகியிராது. வைத்தியப் பட்டம் பெற்றவரான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தமது குழந்தைகள் இல்லத்தைத் திறந்து, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவவிட்டும், உலோக வடிவங்களின் விளிம்பையொட்டி வரையவிட்டும் கையைப் பக்குவப்படுத்தினாரேயன்றி, எழுது என்று கட்டளையிட்டாரில்லை. நாலைந்து வயதுப் பிள்ளைகள் ஒருநாள் தாமாகவே சுண்ணக்கட்டியை எடுத்து எழுதத் தொடங்கினர். அவர் 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்து, யுத்தகாலத்தில் கோடைக்கானலிலும் தங்கி, நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அவர் பெயரை வாசற்பலகையில் எழுதிவைத்து, அவர் வேண்டாமென்றதையெல்லாம் உள்ளே செய்யும் பள்ளிகளுக்கு இன்று பஞ்சமில்லை.

மணலில் விரலால் எழுதிய திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் சிலர் நினைவூட்டக்கூடும். மணலும் விரலும் நல்லவைதாம். பக்கத்தில் பிரம்பும் இருந்தது.

பெற்றோரைப் பழிப்பதில் பயனில்லை. தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அஞ்சிக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் கூலித் தொழிலாளிக்கு, நோட்டில் வரிசையாக நிற்கும் எழுத்துக்களே கொடுத்த பணத்துக்குக் கண்கண்ட ரசீது. புளியங்கொட்டையைப் பிரித்து அடுக்குவதில் கணிதமும், கேட்ட கதையைத் தன் மொழியில் திருப்பிச் சொல்வதில் வாசிப்பும் வித்தாக இருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை. சொல்லாத பள்ளிக்கு அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் அதிகாரி, கட்டடச் சான்றோடு வகுப்பறையையும் சற்று எட்டிப் பார்த்தால் நன்று.

இதைவிடப் பெரிய பொறுப்பு அரசாங்கத்தினுடையது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையே உரிமை வழங்கி, அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் கல்வியை அரசாங்கத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளுள் முன்பருவக் கல்வியும் ஒன்று. ஆயினும் நம் மக்கள் பால்வாடி என்றழைக்கும் அங்கன்வாடியில், எடை பார்ப்பதும் சத்துமாவு வழங்குவதும் கர்ப்பிணிகளின் விவரம் திரட்டுவதும் பதிவேடு நிரப்புவதும் ஒரே டீச்சரின் தலையில் விழுவதால், பாட்டும் விளையாட்டும் மிஞ்சிய நேரத்துக்குத் தள்ளப்படுகின்றன. சமையலைக் கவனிக்கும் உதவியாளரிடம் அந்தக் குறையை ஈடுசெய்யச் சொல்வது நியாயமாகாது. குழந்தைகளோடு பேசவும் பாடவும் ஆடவும் மட்டுமே பொறுப்பேற்கும், அதற்கெனப் பயிற்சி பெற்ற இன்னொருவரை ஒவ்வொரு மையத்திலும் நியமிக்க, வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும். முதலில் தாய்மார் வேலைக்குப் போய்விடும் தோட்டப் பகுதிகளுக்கும் நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கும்.