மேலே வண்டி பறக்க பாலம் ரெடி... கீழே ஆள் நடக்க இடம் எங்கீங்க?

கோவை:

கோவை டவுன்ஹாலில் பஸ்சை விட்டு இறங்கி ஒப்பணக்கார வீதியில் பத்து நிமிஷம் நடந்து பார்த்தவர்களுக்கு தெரியும், அது நடை அல்ல, சர்க்கஸ் என்று. பிளாட்பாரத்தில் ஏறினால் பைக் நிற்கும். ரோட்டில் இறங்கினால் முதுகுக்கு பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கும். ஓரமாக ஒதுங்கினால் ஆட்டோ உரசும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் துணிப்பை என்றால் கேட்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் இதுதான் கோவையின் இதயப்பகுதி. ராஜவீதியில் நகைக்கடை, பெரியகடை வீதியில் பாத்திரக்கடை, ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடை. நோம்பிக்கு துணி எடுக்க சூலூர், அன்னூர், கிணத்துக்கடவு என்று சுற்று வட்டாரமே இங்கேதான் வந்து இறங்குகிறது.

வண்டிக்கு வழி பண்ணியாச்சு

கோவையில் மேம்பாலங்களுக்கு குறைவில்லை. காந்திபுரத்தில் பாலம் வந்தாச்சு. உக்கடம்-ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டு 9-ந்தேதி திறக்கப்பட்டது. அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஜி.டி.நாயுடு பெயரில் கட்டிய மேம்பாலம் 2025 அக்டோபர் 9-ந்தேதி திறக்கப்பட்டது. எல்லாம் தேவைதான். யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் காரும் பைக்கும் இல்லாமல் டவுன் பஸ்சில் வந்து இறங்குகிறவர்களுக்கு என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. பெண்களுக்கு டவுன் பஸ்சில் கட்டணமில்லா பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. பஸ்சில் வருகிற ஒவ்வொருவரும் இறங்கியதும் நடந்துதான் ஆக வேண்டும். கடைக்காரர்களின் கல்லாவை நிரப்புவதில் இவர்கள் பங்கு பெரியது. அவர்களுக்கு நடக்க வழி இல்லை என்றால் நஷ்டம் கடைக்கும்தான்.

இன்னொரு கூட்டமும் உண்டு. அது கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே திருத்தப்பட்டது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்து விட்டு, ராத்திரி கடை சாத்திய பிறகு, வெளிச்சம் இல்லாத சந்தில் பைக்குகளுக்கு நடுவே புகுந்து பஸ் ஸ்டாப்புக்கு ஓடுகிறவர்கள் இவர்கள்.

வழக்கு போட்டதே கோவைக்காரர்

நடக்க இடம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை. நடைபாதையை பயன்படுத்தும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 மே 14-ந்தேதி சொல்லி விட்டது. இந்த சாலை பாதுகாப்பு வழக்கை 2012-ல் தொடர்ந்தவர், கோவை கங்கா ஆஸ்பத்திரி எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். வழக்கு போட்ட ஊரிலேயே நடைபாதை இல்லை என்றால் எப்படி?

2022-ம் ஆண்டு மட்டும் இந்தியா முழுவதும் சாலை விபத்தில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தனர். அதில் 32 ஆயிரத்து 825 பேர் நடந்து சென்றவர்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்.

தேர் அன்று முடிகிறதே!

வண்டியை நிறுத்தினால் ஊரே முடங்கி விடும் என்று பயமுறுத்துகிறவர்கள், மாசி மாதம் நடக்கும் கோனியம்மன் தேர்த்திருவிழாவை நினைத்து பார்க்க வேண்டும். ராஜவீதி தேர்நிலைத்திடலில் கிளம்பும் தேர், ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி வழியாக சுற்றி வருகிறது. அன்று போலீசார் வண்டிகளை மாற்றுப்பாதையில் திருப்பி விடுகிறார்கள். ஊர் முடங்கியா போச்சு? பெரியவர், சிறுவர் எல்லாரும் நடுரோட்டில் நிம்மதியாக நடக்கிறார்கள். ஒப்பணக்கார வீதி பள்ளிவாசல் பக்கம் முஸ்லிம்கள் பக்தர்களுக்கு தண்ணீர் கொடுத்த காட்சியையும் ஊர் பார்த்தது.

இடம் கொடுத்தால் மக்கள் நடப்பார்கள் என்பதற்கு வேறு சாட்சியும் கோவையிலேயே இருக்கிறது. ரேஸ்கோர்சில் காலையும் மாலையும் கூட்டம். உக்கடம் பெரியகுளம் கரையை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சீரமைத்த பிறகு சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆக, குறை மக்களிடம் இல்லை. வியாபாரம் நடக்கும் வீதிக்கு மட்டும் அந்த கவனிப்பு கிடைக்கவில்லை.

மற்ற ஊரில் என்ன செய்தார்கள்?

டெல்லி சாந்தினி சவுக், நம்ம டவுன்ஹாலை விட நெரிசலான மொத்த வியாபார சந்தை. செங்கோட்டை பக்கம் இருந்து பதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோ மீட்டர் வீதியை சீரமைத்து 2021 செப்டம்பரில் திறந்தார்கள். காலை 9 மணி முதல் ராத்திரி 9 மணி வரை மோட்டார் வண்டிக்கு தடை. சரக்கு ஏற்றி இறக்குவது ராத்திரியில்.

சென்னை பாண்டிபஜாரில் 2019 நவம்பர் 13-ந்தேதி அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வீதி அழகானது. ஆனால் அங்கே இருந்த பிளாட்பார வியாபாரிகளை அதற்கு முன்பே அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு அனுப்பி விட்டார்கள். பிறகு நடைபாதையில் பைக் ஏறி நிற்பதாக புகார்களும் வந்தன. நல்லதை எடுத்துக்கொண்டு, தப்பை விட்டு விட வேண்டும் என்பதுதான் கோவைக்கு பாடம்.

கடைக்காரர்கள் பயப்படுவதும் புதுசு இல்லை. டென்மார்க் நாட்டு தலைநகர் கோபன்ஹேகனில் 1962-ல் கடைவீதியில் காரை நிறுத்தியபோது வியாபாரம் படுத்து விடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். முதலில் சோதனையாகத்தான் செய்தார்கள். கூட்டம் கூடியது. 1964-ல் நிரந்தரமாக்கி விட்டார்கள்.

கோவையில் என்ன செய்யலாம்?

* ஒப்பணக்கார வீதியில் பஸ் ஓடுவதால் அதை முழுசாக மூட முடியாது. மூடவும் வேண்டாம். முதலில் ராஜவீதியை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 மணி முதல் 9 மணி வரை நடப்பவர்களுக்கு மட்டும் விடலாம். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி இருக்கட்டும். செலவு, தடுப்பு வைப்பதும் போலீஸ் நிறுத்துவதும்தான்.

* கடைவீதி நடைபாதையில் நடப்பதற்கு மட்டும் 2.5 மீட்டர், எங்கேயும் 1.8 மீட்டருக்கு குறையாமல் விட வேண்டும், உயரம் 15 சென்டி மீட்டரை தாண்டக்கூடாது என்றது இந்திய சாலை காங்கிரசின் 2012 வழிகாட்டுதல். அந்த 6 அடிக்கு மஞ்சள் கோடு போட்டு, அதில் பைக், போர்டு, கடைப்படி எதுவும் வரக்கூடாது என்றாலே பாதி பிரச்சினை தீரும்.

* லாரி, குட்டியானை சரக்கு இறக்குவதை ராத்திரிக்கும் அதிகாலைக்கும் மாற்றலாம். சுமை தூக்கும் தொழிலாளர்களுடன் பேசி, ராத்திரி வேலைக்கு கூலியை கூட்டி கொடுத்த பிறகுதான் இதை செய்ய வேண்டும்.

* காரில் வருபவர்கள் ஓரமாக ஒரு இடத்தில் காரை நிறுத்த, அங்கிருந்து சின்ன பஸ் விடலாம். அப்போதுதான் கார் கடை வாசல் வரை வராது.

* கழிவறை, குடிநீர், உட்கார திண்ணை, நிழலுக்கு மரம், ராத்திரிக்கு விளக்கு. பெண்கள் இங்கே அதிக நேரம் இருக்க வேண்டும் என்றால் முதலில் வேண்டியது இவைதான்.

வயிற்றில் அடிக்கக்கூடாது

நடைபாதை சீரமைப்பு என்றாலே முதலில் தூக்கப்படுவது பூக்கூடையும், கைக்குட்டை கடையும், செருப்பு கடையும்தான். கடை வாசலில் வரிசையாக நிற்கும் பைக்கை யாரும் தொடுவதில்லை. இந்த முறை அப்படி நடக்கக்கூடாது.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தது. கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, இடம் ஒதுக்காமல் யாரையும் விரட்ட முடியாது. விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்கு குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்த குழுவை உட்கார வைத்து பேசி, 6 அடி நடக்க, அதை ஒட்டி வியாபாரிக்கு ஒரு கோடு என்று பிரித்து கொடுத்தால் இரண்டு பேரும் பிழைப்பார்கள். பூக்காரம்மாவும் சுண்டல் வண்டியும் இல்லாத வீதியில் சாயங்காலம் யார் வந்து நிற்பார்கள்? வீதி கலகலப்பாக இருப்பதே அவர்களால்தான்.

டவுன்ஹாலுக்கு அந்த பெயர் வர காரணமான விக்டோரியா ஹால் 1892-ல் கட்டியது. மாநகராட்சி மன்ற கூட்டம் அங்கேதான் நடக்கிறது. ஜன்னலை திறந்து எட்டி பார்த்தால் போதும், நடக்க திண்டாடும் ஜனங்கள் தெரிவார்கள். பெரிய திட்டம், பெரிய டெண்டர் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்து பார்க்கட்டும்.

தேருக்கு வழி விடும் வீதி, அதை இழுக்கும் மக்களுக்கு வழி விடாதா? மாநகராட்சியும் போலீசாரும் மனசு வைப்பார்களா என்று கோவை மக்கள் எதிர்பார்த்து காத்திருக்கிறார்கள்.