வாடகை பாரதியார்கள்

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் காரைக்காலில் பாரதியார்கள் பெருகிவிடுவார்கள். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிகளைத்தான் சொல்கிறேன். ஒரே மேடையில் மூன்று பாரதியார்களைப் பார்த்திருக்கிறேன். மூவருக்கும் ஒரே கடையில் வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டு, ஒரே தையல் முண்டாசு, வியர்வையில் பாதி பிய்ந்து தொங்கும் ஒரே மாதிரி ஒட்டு மீசை. பிள்ளை நாலு வரி ஒப்பிக்கும், இறங்கும், அழும். மாலைக்குள் கோட்டைத் திருப்பிக் கொடுக்க அப்பா ஸ்கூட்டரை முடுக்குவார். பரிசு எதற்கு? எந்த உடை அதிகம் மின்னியதோ அதற்கு.

இது பிள்ளைகளின் போட்டியே அல்ல, பெற்றோரின் பணப்பை போட்டி. வாடகை கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு 'காய்ச்சல்' என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறது. என் கட்சி இதுதான்: வேஷம் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதை வீட்டில், கையால் செய்யுங்கள்.

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுகிறது. பெற்றோர், "கடையில் கிடைப்பதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்கிறார்கள். என் வயது நண்பர்களோ, "பேரன் காஸ்ப்ளே என்று அட்டையை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வெள்ளைக்காரன் பைத்தியம் இங்கேயும் வந்துவிட்டது" என்கிறார்கள்.

முதலில் நண்பர்களுக்குப் பதில். காஸ்ப்ளே என்ற சொல் 1980களில் ஜப்பானில் உண்டானது. காஸ்ட்யூம், பிளே என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்தார்கள். பழக்கம் அதற்கு முந்தியது. 1939இல் நியூயார்க்கில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்பவரும் அவருடைய தோழி மர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல் உடுத்திக்கொண்டு போனார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் அந்தப் பெண்மணியே. ஆக, இந்தக் கலையின் முதல் நாளே வீட்டுத் தையலில்தான் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் சென்னையில் காமிக் கான் நடந்தபோதும் வேஷத்தோடு வந்த பிள்ளைகள் உண்டு.

இதெல்லாம் நமக்குப் புதிதா? எங்கள் ஊருக்கு வடக்கே கடலோரம் இருந்த புகாரில் மாதவி ஆடியதாகச் சிலப்பதிகாரம் சொல்லும் பதினோரு ஆடல்களில் மரக்காலாடலும் ஒன்று. மரத்தால் செய்த கால்களின் மேல் நின்று ஆடுவது. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரைக்காரர் இன்றைக்கும் மரக்கால்மேல்தான் நிற்கிறார். தோளில் தொங்கும் குதிரைக்கூட்டின் சூட்சுமமே அதன் எடைதான். கனத்தால் ஆட முடியாது. வடக்கே தெருக்கூத்துக்காரர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குகிறார்கள். ஏன் தேக்கு இல்லை? விடிய விடியத் தலையிலும் தோளிலும் சுமக்க வேண்டுமே! அந்த லேசான மரத்தின்மேல் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டினால் விளக்கு வெளிச்சத்தில் துரியோதனன் வந்துவிடுவான். அந்தக் கட்டை அணிகளின் பேரால்தான் கட்டைக்கூத்து என்ற பெயரே வந்தது.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் போய்ப் பாருங்கள். விரதமிருந்து, காப்புக் கட்டி, காளியாகவும் குறத்தியாகவும் குரங்காகவும் போலீஸ்காரராகவும் ஆயிரக்கணக்கானோர் வேஷம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி உண்டியலில் சேர்க்கிறார்கள். இவ்வளவும் வைத்துக்கொண்டு 'வெள்ளைக்காரன் பைத்தியம்' என்பது நம் சொத்துக்கு நாமே அடுத்தவன் பெயரில் பட்டா எழுதிக் கொடுப்பது. இங்கே ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைக்கிறோமே, அன்றைக்கு ஊர்வலம் வருகிற சுவாமியே பிச்சாண்டவர் வேஷத்தில் அல்லவா வருகிறார்!

இனி பெற்றோருக்கு. நேரமில்லை, கைவராது என்பதுதானே உங்கள் சாக்கு? பிரெஞ்சில் 'பிரிகொலே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. கையில் கிடைத்ததை வெட்டி, ஒட்டி, முடுக்கி வேண்டியதைச் செய்துகொள்வது. அதில் தேர்ச்சி நிபந்தனை இல்லை, துணிச்சல் போதும். முதல்முறை செய்பவர் ராவணனின் பத்துத் தலையில் தொடங்க வேண்டாம். ஒரு கிரீடம், அல்லது ஒரு கேடயம் போதும்.

முதலில் பிள்ளையின் தலையைச் சுற்றி நூல் வைத்து அளந்து, செய்தித்தாளில் மாதிரி வெட்டுங்கள். தையல்காரர் செய்வதும் அதுதான். அதை வைத்துப் பார்த்துச் சரிசெய்த பிறகு மட்டும் பொருளில் கத்தி வையுங்கள். காஸ்ப்ளே பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பொருள் ஈ.வி.ஏ. ஃபோம். பயந்துவிடாதீர்கள், குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் மெத்தென்ற பாய்த் துண்டுதான் அது. கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி ஓரத்தைப் பிய்த்துவிடும். வெட்டுவது பெரியவர் வேலை. ஒட்டுவதற்கு ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் பிரிந்துவிடும். அந்தப் பசையின் நெடி ஆகாது. சன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்கள். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று பூச்சு கொடுத்துக் காய்ந்தபின் வண்ணம் அடித்தால், ஃபோம் வண்ணத்தைக் குடிக்காது.

அதுவும் வேண்டாமா? பாட்டிகள் காகிதக்கூடை செய்த முறை இருக்கிறது. பழைய தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, ஒரு கிண்ணத்தின்மேல் அப்பிக் காயவிட்டால் முகமூடியும் ஆகும், கிரீடமும் ஆகும். மைதாப் பசை காய்ச்சினால், பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது விஷம், பிள்ளை முகத்தில் வைக்கும் பொருளுக்கு ஆகாது.

வாடகைக் கடைக்காரர் பிழைப்பில் மண் போடுகிறேன் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். நாடகக் குழுவுக்கும் நாட்டிய மேடைக்கும் உடையும் நகையும் வாடகைக்குக் கொடுப்பது கௌரவமான தொழில். அங்கே உடை ஆட்டத்துக்குத் துணை. மாறுவேடப் போட்டியிலோ உடைதான் விஷயமே. அதையே வெளியில் வாங்கி வந்தால் பிள்ளை அங்கே செய்தது என்ன? ஓவியப் போட்டிக்கு யாரோ வரைந்த படத்தைக் கொண்டுவந்தால் நடுவர் ஏற்பாரா?

கையால் செய்தது கோணலாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. கிரீடம் ஏன் சரிகிறது, எடையை எங்கே குறைப்பது என்று இரண்டு மாலை யோசித்த பிள்ளைக்கு, கூத்துக்காரர் ஏன் கல்யாண முருங்கையைத் தேடினார் என்பது சொல்லாமலே விளங்கும். அடுத்த முறை கூத்தைப் பார்க்கும்போது அது வேறு கண்ணோடு பார்க்கும். கட்டை அணி செதுக்குகிறவர்களின் அருமை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வரும் காலத்தில், இது சின்ன லாபம் அல்ல.

ஆகவே பள்ளிக்கூடங்களுக்கு ஒரு விண்ணப்பம். பாதி மதிப்பெண்ணைச் செய்நேர்த்திக்கு ஒதுக்குங்கள். செலவுக்கு ஒரு வரம்பு வையுங்கள். பழைய அட்டையும் கிழிந்த புடவையும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. மேடையேறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதில் நீ செய்தது எது, கண்ணு?" பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பரிசைக் கொடுங்கள், மீசை கோணலாக இருந்தாலும்.