வரி குறைந்தால் எளிமையாமோ?

பிறர் எழுதிய நிரலைப் பரிசீலிப்போர், வரிகள் குறைந்திருக்கக் கண்டவுடனே மகிழ்ந்து ஒப்பமிடுதல் இந்நாளில் பெருவழக்காயிருக்கின்றது. கட்டளைக் குறிகளைக் கையாளும் நிரலில் இவ்வழக்கம் ஆபத்தானது என்பது நம் அபிப்பிராயம்.

ஸ்வீடன் தேசத்து டானியல் ஸ்டென்பெர்க் என்பார் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட கர்ல் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். வலைப்பின்னலின் வழியே கோப்புகளைக் கொணர்தலும் அனுப்புதலும் அதன் தொழில். அதற்கு இடக்கூடிய குறிகளோ 250-க்கு மேற்பட்டன. ஆங்கில நெடுங்கணக்கில் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் கூட 52 தானாகையால், பெரும்பாலான குறிகளுக்கு இரு கோடிட்ட நீண்ட பெயரே கதி. ‘இதுவோ, அதுவோ’ என்று ஒவ்வொன்றாய் வினவிச் செல்லும் நிரலை நீக்கிப் பெயர், எழுத்து, மதிப்பு வேண்டுமா வேண்டாவா என்பவற்றை ஓர் அட்டவணையில் அடக்குவது நல்ல சீர்திருத்தமே. கர்லினுள்ளும் அகரவரிசையில் அத்தகைய அட்டவணை உளது. இம்மட்டில் வழக்கொன்றுமில்லை.

பரிசீலிப்போர் கண்ணூன்ற வேண்டிய இடம் வேறு. தனியெழுத்துக் குறிகளை ஒட்டி எழுதலாம் என்பது பழைய யூனிக்ஸ் மரபு. சான்றிதழ்ச் சோதனையை விலக்கும் ‘இன்செக்யூர்’ என்னும் குறிக்கு முன் இரு கோடிடாது ஒரு கோடு இட்டாலோ, அம்மரபின்படி அஃது எழுத்தெழுத்தாய்ப் பிரியும். ஐ என்பது மறுமொழியின் தலைப்புகளையும் காட்டு என்றும், என் என்பது கடவுச்சொல் எழுதிவைத்த கோப்பைப் படி என்றும், எஸ் என்பது வாய்திறவாதே என்றும், ஈ என்பது எஞ்சிய ‘க்யூர்’ என்பதனை, எவ்விடத்திலிருந்து வந்தோம் என்று அறிவிக்கும் முகவரியாக அனுப்பு என்றும் பொருள்படும். கேட்டதொன்று, கிடைத்தது நான்கு! குறி தவறென்று ஒரு சொல்லும் வாராது.

இக்குழப்பத்தைக் களைவேன் என்று ஒட்டெழுத்து வழக்கையே ஒருவர் நீக்கிவிட்டால் நிரல் அழகாய்ச் சுருங்கும். இராப்பொழுதில் ஆளின்றி ஓடும் பழைய கட்டளைக் கோப்புகளோ நின்றுபோகும். நின்றாலும் காலையில் எவரேனும் கண்டு திருத்துவர். நில்லாது வேறு பொருளில் ஓடினாலோ? அட்டவணையின் ஒரு வரி பிசகி, சான்றிதழ்ச் சோதனை ஓசையின்றி விலகுமாயின், கடவுச்சொல் அயலார் கைக்குச் சென்ற பின்னரே செய்தி தெரியும்.

ஆதலின், நிரல் தந்தவரை நாம் கேட்கவேண்டுவன சில உள. பழைய கட்டளைகளைப் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓட்டி ஒப்பிட்டீரா? மதிப்பின்றி விடப்பட்ட குறிக்கு என்ன விடை வருகின்றது? ஒரே குறி இருமுறை வந்தால் எது செல்லும்? இவற்றுக்கு விடை எழுத்தில் வரும்வரை ஒப்பம் பொறுத்திருக்கட்டும்.