காமலாபுரம் ஓடுபாதை: பட்டா இல்லாதவர்கள் எந்தக் கணக்கில்?

சேலத்திலிருந்து தருமபுரி செல்லும் நெடுஞ்சாலையில், ஓமலூர் வட்டத்தில் இருக்கிறது காமலாபுரம். சேலம் விமான நிலையம் என்று நாம் சொல்வது இந்த ஊரில்தான் இருக்கிறது. 1993-இல் திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர். எழுபது எண்பது பேர் அமரும் ஏடிஆர் ரக விமானம் வந்து போக அது போதும். அதைவிடப் பெரிய விமானங்கள் வர வேண்டும் என்றால் ஓடுபாதையை நீட்ட வேண்டும். நீட்ட வேண்டும் என்றால் நிலம் வேண்டும். நிலம் யாருடையது, அந்த நிலத்தில் வேலை செய்து பிழைப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளும் அங்கேதான் வருகின்றன. அரசு முதல் கேள்விக்கு மட்டும் பதில் தேடுகிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை.

இந்த விமான நிலையத்தின் முப்பதாண்டு வரலாறு, திறப்பதும் மூடுவதுமாகவே கழிந்த வரலாறு. 1993-இல் என்இபிசி நிறுவனம் சிறிது காலம் விமானம் ஓட்டியது; பயணிகள் இல்லை என்று நிறுத்தியது. அதன்பின் பல ஆண்டுகள் ஓடுபாதை சும்மா கிடந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்குச் சேவை தொடங்கியது; 2011-இல் அதுவும் நின்றது. 2018 மார்ச் 25 அன்று, ஒன்றிய அரசின் உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது. அன்றைய முதல்வரும் சேலம் மாவட்டத்துக்காரருமான எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். 2021-இல் ட்ரூஜெட்டும் நின்று போனது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ ஆகிய நிறுவனங்கள் பெங்களூரு, கொச்சி, ஐதராபாத், சென்னை நகரங்களுக்கு மீண்டும் விமானம் விட்டன.

நிறுவனம் வரும், நட்டம் என்று சொல்லிப் போகும், அடுத்தது வரும். ஒவ்வொரு முறையும் நாடா வெட்டுவதற்குத் தலைவர்கள் கிடைப்பார்கள். ஆனால் முதல் ஓடுபாதைக்காகப் போன நிலம், அதோடு போன களையெடுப்பும் நடவும் அறுப்பும் ஒருமுறை போனது போனதுதான். எந்தச் சேவை நின்றபோதும் அவை திரும்பி வரவில்லை.

உடான் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த அநீதியின் அளவு தெரியும். 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. ரப்பர் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்பதே இதற்குப் பிரதமர் மோடி கொடுத்த விளம்பரம். விமானத்தின் இருக்கைகளில் பாதியை, அதாவது குறைந்தது 9, அதிகபட்சம் 40 இருக்கைகளை, வரம்பிட்ட கட்டணத்தில் விற்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு அந்த வரம்பு சுமார் 2,500 ரூபாய். மீதி இருக்கைகளைச் சந்தை விலைக்கு விற்கலாம். இதனால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும்.

அந்தப் பணத்தில் 80 விழுக்காடு ஒன்றியத்தின் நிதியத்திலிருந்து வருகிறது. பெருநகர வழித்தடங்களில் பறக்கும் விமானங்களின் மீது விதிக்கும் தீர்வைதான் அந்த நிதியம். 20 விழுக்காட்டை மாநில அரசு தருகிறது. மாநில அரசின் பொறுப்பு அத்தோடு முடியவில்லை. நிலத்தை இலவசமாகத் தர வேண்டும். காவலும் தீயணைப்பும் இலவசம். விமான எரிபொருள் மீதான மதிப்புக்கூட்டு வரியை 1 விழுக்காடாகக் குறைக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் கூலி வேலைக்குப் போகிறவர் பெட்ரோலுக்கு என்ன வரி கட்டுகிறார் என்று நமக்குத் தெரியும்.

2018-19-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 224 ரூபாய். மலிவு என்று சொல்லப்பட்ட அந்த 2,500 ரூபாய், ஓமலூர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளிக்கு 11 நாள் உழைப்பு. ரப்பர் செருப்பு போட்டவர் ஓடுபாதைக்காக நிலத்தைவிட்டுப் போனார் என்பது உண்மை. அவர் விமானத்தில் ஏறினார் என்பது விளம்பரம்.

இவ்வளவு செலவழித்தும் திட்டம் நின்றதா? இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தவை 54 மட்டுமே. அதாவது ஒதுக்கப்பட்டதில் 7 விழுக்காடு. காமலாபுரம் விதிவிலக்கு இல்லை. இந்தத் திட்டத்தின் பொதுவான கதையே அதுதான். காலியாக இருக்கும் இருக்கைக்கு ஈடு கொடுக்க அரசிடம் சட்டமும் நிதியமும் தயாராக இருக்கின்றன.

இந்தப் பின்னணியில்தான் 2018-இல் விரிவாக்கத் திட்டம் வந்தது. காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கப்படும் என்றார்கள். சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்கு எதிராக மக்கள் கொதித்துக் கொண்டிருந்த அதே மாதங்கள். தும்பிப்பாடியில் மக்களிடையே பேசிய பேச்சுக்காக நடிகர் மன்சூர் அலிகான் 2018 சூனில் கைது செய்யப்பட்டார். அவரை அங்கே அழைத்துச் சென்றதற்காகச் சூழலியல் செயல்பாட்டாளர் பியூஷ் மனுஷும் கைதானார். விமான நிலையம் வேண்டுமா என்று கேட்பதே குற்றம் என்ற நிலை இருந்தது. அந்த ஒடுக்குமுறையை எதிர்த்தவர்களோடு நாம் நிற்கிறோம்.

ஆனால் அங்கேயே நின்றுவிட முடியாது. நில எடுப்பு எதிர்ப்புப் போராட்டங்களில் தொலைக்காட்சிக் கேமரா முன்பு பேசுகிறவர் பெரும்பாலும் பட்டாதாரர். "மூன்று தலைமுறை நிலம்", "தாய் மண்" என்கிறார். அவர் வலி பொய்யில்லை. ஆனால் அதே வயலில் மூன்று தலைமுறையாகக் களையெடுத்த பெண்ணுக்கு அங்கே ஒரு சென்ட் நிலமும் கிடையாது. "விவசாயி" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நிலம் வைத்திருப்பவரையும் அவரிடம் கூலிக்கு நிற்பவரையும் ஒன்றாக அடைத்துவிடுகிறோம். போராட்டம் முடிந்து பேச்சுவார்த்தை தொடங்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் அரசு, இந்தப் பக்கம் பட்டாதாரர். சேரியிலிருந்து வந்தவர் கதவுக்கு வெளியே நிற்பார்.

இது தற்செயல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருந்தது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது சாதி. இழப்பீட்டைப் பிரித்துக் கொடுப்பது பட்டா. சாதி போட்ட கோட்டின் மேலேயே சட்டமும் நடந்தால், ஒவ்வொரு திட்டமும் பழைய ஏற்றத்தாழ்வைப் புதிய பணத்தால் உறுதிப்படுத்தும். நிலத்தின் சந்தை மதிப்பும், அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் பட்டாதாரருக்குப் போகும். அதைக் கொண்டு அவர் ஓமலூரிலோ சேலத்திலோ மனை வாங்குவார். கூலிக்காரர் அடுத்த ஊரில் வேலை தேடுவார். அந்த ஊரிலும் அவருக்குக் காத்திருப்பது சேரிதான்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லையா? இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் நிலம் இழப்பவரை மட்டும் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லவில்லை. கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தில் வேலை செய்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட வேளாண் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரதாரர்கள், கைவினைஞர்கள் ஆகியோரின் குடும்பங்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று மறுவாழ்வு உரிமையையும் அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரையறுக்கிறது. இது யாரும் போடும் பிச்சை இல்லை, உரிமை.

ஆனால் உரிமை கிடைக்க வேண்டுமானால் முதலில் பெயர் பட்டியலில் ஏற வேண்டும். நிலம் இருப்பவரின் பெயர் வருவாய்த் துறை ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதவரை ஊருக்குள் போய்த் தேடித்தான் எழுத வேண்டும். அப்படித் தேடுவதற்காகவே சமூகத் தாக்க மதிப்பீடு என்ற ஏற்பாட்டை 2013 சட்டம் வைத்தது. தமிழ்நாடு என்ன செய்தது? 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம், 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களின்கீழ் எடுக்கும் நிலத்துக்கு அந்த மதிப்பீடு தேவையில்லை என்றாக்கியது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உடனே மாநில அரசு புதுச் சட்டம் இயற்றி மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு கழக ஆட்சிகளும் இந்தக் குறுக்குவழியைக் கைவிடவில்லை. சமூகநீதி மண் என்று மேடையில் பேசுகிறவர்கள், கூலிக்காரரைக் கணக்கெடுக்கும் ஒரே ஏற்பாட்டைத் தாண்டிப் போக வழி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது: பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் இவை. பிற சாதியினருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதை மீறி எத்தனையோ ஏக்கர் கை மாறியிருக்கிறது. அப்படிப் பறிபோன நிலத்தை அரசு ஒரு திட்டத்துக்கு எடுத்தால், இழப்பீடு இப்போது பட்டா வைத்திருக்கும் ஆக்கிரமிப்பாளருக்குப் போகும். திருட்டுக்கு அரசே விலை கொடுத்ததாக ஆகிவிடும். ஓடுபாதைக்கு அடியில் போன பிறகு எந்தப் பஞ்சமி நிலத்தையும் மீட்க முடியாது.

சரி, விமான நிலையமே வேண்டாம் என்கிறோமா? இல்லை. கிராமத்தைப் புனிதமாக்கிக் காட்டும் பேச்சு நமக்கு ஒவ்வாதது. கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் ஊறிய இடம் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னவர் அம்பேத்கர். ஊரை விட்டு வெளியேறுவது நம் மக்களுக்கு விடுதலையாகவே இருந்திருக்கிறது. இரயிலும் பேருந்தும் பக்கத்தில் உட்காரவைத்தன; சாதியால் அதைத் தாங்க முடியவில்லை. 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்தபோது அந்தப் பேருந்தில் ஏற மறுத்து எழுந்த வன்முறையை நாம் மறக்கவில்லை. ஆகவே பயணம் எல்லோருக்கும் உரியது, விமானமும்தான். ஆனால் அந்த வசதியின் விலையை யார் கட்டுகிறார் என்று கேட்பது நம் வேலை.

விமான நிலையத்துக்குள்ளும் அதே கேள்வி தொடர்கிறது. இந்திய விமான நிலைய ஆணையம் பொதுத்துறை நிறுவனம். அதன் நிரந்தரப் பணிகளுக்கு இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் கழிப்பறை கழுவுவதும் தரை துடைப்பதும் பெட்டி ஏற்றுவதும் ஒப்பந்த வேலை. ஒப்பந்த நிறுவனம் ஆள் எடுக்கும்போது இட ஒதுக்கீடு இல்லை. ஆனாலும் துப்புரவுக்கு மட்டும் எந்தச் சாதியிலிருந்து ஆள் வருகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே மட்டும் எழுதப்படாத நூறு விழுக்காடு ஒதுக்கீடு. திருவனந்தபுரமும் மங்களூரும் அதானி கைக்குப் போனதைப் போல நாளை மற்ற நிலையங்களும் போனால், மிச்சமிருக்கும் நிரந்தரப் பணிகளும் இட ஒதுக்கீட்டோடு சேர்ந்து போகும்.

எனவே அரசிடம் நாம் கேட்பவை தெளிவானவை. எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுத்தாலும், நிலமற்ற குடும்பங்களைச் சேரிக்குச் சென்று, கிராம சபை முன்னிலையில் கணக்கெடுத்து, பெயர்ப்பட்டியலை வெளியிட வேண்டும். அவர்களுக்குரிய மறுவாழ்வுத் தொகையை, பட்டாதாரருக்கு இழப்பீடு தரும் அதே நாளில் தர வேண்டும். எடுக்கப்படும் ஒவ்வொரு புல எண்ணையும் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, பஞ்சமி நிலம் உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விமான நிலையத்தின் எல்லாப் பணிகளிலும், ஒப்பந்தப் பணிகள் உட்பட, இட ஒதுக்கீடு வேண்டும். நிலமும் வேலையும் இழந்த குடும்பங்களுக்கு அதில் முன்னுரிமை வேண்டும்.

போராடும் அமைப்புகளிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த போராட்டக் குழு அமைக்கும்போது கூலித் தொழிலாளர்களை, குறிப்பாகப் பெண்களை, கூட்டம் சேர்க்க மட்டும் அழைக்காதீர்கள். பேச்சுவார்த்தை மேசையில் உட்காரவையுங்கள். கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் அவர்களுடைய கணக்கை எழுதுங்கள்.

காலி இருக்கைக்கு மூன்று ஆண்டு ஈடு கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, வயலில் நின்ற மனிதருக்கு ஈடு கொடுக்கவும் தெரியும். கொடுக்க வைப்பதுதான் அரசியல்.