எலிப்பொறியில் மசால்வடை

எலிப்பொறிக்குள் மசால்வடையை மாட்டி வைப்போமே, அந்த மாதிரிப் பெயர் வைத்த ஒரு கொரியத் தொடரைப் பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், சகோதரிகளே! 'சீஸ் இன் தி ட்ராப்' என்று பெயர். 2016-ல் ஜனவரி முதல் மார்ச் வரை அந்த நாட்டு டிவிஎன் சானலில் வந்த காதல் கதை. மொத்தம் 16 பகுதிகள். கல்லூரியில் படிக்கும் என் பெண்தான், "ரொம்ப நல்லா இருக்காம்மா, வந்து உட்காரேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

முதல் பாதி வரை நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தது நிஜம். கதாநாயகி ஹாங் சொல், உதவித்தொகை வாங்கிப் படிக்கிற பெண். கிம் கோ உன் என்ற நடிகை அந்தக் களைத்த முகத்தோடு அப்படியே பொருந்தியிருந்தாள். வீட்டில் தம்பிக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயம். (நம் வீடுகளில் இல்லாததா!)

கதாநாயகன் யூ ஜங் பணக்கார வீட்டுப் பிள்ளை. எப்போதும் சிரித்த முகம். ஆனால் பிடிக்காதவர்களைத் தன் கை அழுக்காகாமல் அடுத்தவர் கையால் கவிழ்ப்பான். ஹாங் சொல்லின் பின்னாலேயே அலைந்து தொல்லை கொடுத்தானே ஒருவன், அவனிடம் அவளுக்கும் விருப்பம் இருப்பதுபோல் நம்ப வைத்ததே இந்த யூ ஜங்தான்! அப்புறம் அவளையே காதலிக்கிறான்.

"இப்ப மாறிட்டானேம்மா. அவ மேல எவ்வளவு பிரியமா இருக்கான் பாரு!" என்றாள் என் பெண். எனக்குப் பகீரென்றது. இப்படிப்பட்டவனோடு ஒரு பெண் வாழ முடியுமா, அவன் நிஜமாகவே மாறுவானா, இந்தக் கேள்விக்குக் கதை பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

எங்கே சொன்னார்கள்? பின்பாதியில் கதாநாயகனையே காணோம்! பியானோ வாசிக்கும் இன் ஹோவையே சுற்றிச் சுற்றி வந்தது கதை. நல்ல பையன்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் சாம்பார் வைக்க உட்கார்ந்து ரசத்தை இறக்கினால் எப்படி? கடைசியில் ஒரு கார் விபத்து. அவளை விட்டுவிட்டு யூ ஜங் போய்விடுகிறான். மூன்று வருஷம் ஓடிவிட்டது என்கிறார்கள். அவள் அனுப்பிய மின்னஞ்சலை அவன் படித்துவிட்டான் என்று காட்டுவதோடு சரி, சுபம்!

எனக்கு மட்டும் இல்லை இந்த ஆத்திரம். மூலக் கதையைப் படத்தொடராக வரைந்த சூன்கியே முடிவைப் பற்றி மனத்தாங்கலை வெளிப்படையாகச் சொன்னார். யூ ஜங்காக நடித்த பார்க் ஹே ஜின்னும் வருத்தப்பட்டார். இத்தனைக்கும் இயக்கியவர் லீ யூன் ஜங், 2007-ல் 'காபி பிரின்ஸ்' எடுத்துப் பெயர் வாங்கிய பெண்மணி.

அன்று இரவு தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் பெண் தட்டோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, அந்தத் தொல்லை பண்றவனை ஏவி விட்டதுக்கு அவன் அவகிட்ட ஒழுங்கா மன்னிப்புக்கூடக் கேக்கலையே?"

"கேட்டிருந்தா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டாலும் எனக்குப் பயமாத்தான் இருக்கும்மா" என்றாள்.

நான் இன்னொரு தோசையை அவள் தட்டில் போட்டேன். இதே கதையை 2018-ல் அதே பார்க் ஹே ஜின்னை வைத்து சினிமாவாகவும் எடுத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை பார்க்கலாம் என்கிறாள். மாவை அரைத்து வைத்துவிட்டுத்தான் உட்காரப் போகிறேன்.