அணில் மார்க்கா, சேவல் மார்க்கா, பிளே ஸ்டேஷனா?



தீபாவளிக்கு முந்தின வாரம் ஏதாவது ஒரு பட்டாசுக் கடை வாசல்ல போய் நில்லுங்க. "அண்ணாச்சி, அணில் மார்க் இருக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். "எங்க வீட்ல எப்பவும் சேவல் மார்க்தான்" என்று பக்கத்திலேயே இன்னொரு குரல் கேட்கும். அணில்னா ஸ்டாண்டர்டு, சேவல்னா காளீஸ்வரி. ரெண்டுமே நம்ம சிவகாசி சரக்குதான். லேபிளைக் கிழிச்சிட்டுக் கையில கொடுத்தா எது எந்தக் கம்பெனின்னு சொல்றது கஷ்டம். ஆனாலும் அந்தப் பாசம் மட்டும் மாறாது!

இப்போ அப்படியே எந்த இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலுக்கு வேணும்னாலும் வாங்க. ராத்திரி பதினோரு மணி. "மாப்ள, எக்ஸ்பாக்ஸ் எல்லாம் ஒரு கன்சோலாடா?" என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். "உன் பிளே ஸ்டேஷன் மட்டும் என்ன வானத்துல இருந்து குதிச்சதா?" என்று இன்னொருத்தன் எகிறுவான். ரெண்டு மணி வரைக்கும் பஞ்சாயத்து. இதுல பெரிய காமெடி என்னன்னா, சண்டை போடுற பத்துப் பேர்ல எட்டுப் பேர் வீட்ல கன்சோலே இருக்காது!

பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி விசுவாசம்னு தோணும். ஆனா கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்த்தா, ஒண்ணு நம்பிக்கை, இன்னொண்ணு பூட்டு. இந்த வித்தியாசம் தெரியலைன்னா நஷ்டம் உங்க பர்ஸுக்குத்தான் பாஸ். அதனால இந்த வாரம் இதைப் பிரிச்சு மேய்வோம்.

படம் பார்த்து வாங்கு!

முதல்ல நம்ம ஊர்க் கதை. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய், தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தத் தீப்பெட்டியில் ஆரம்பித்தது, பட்டாசு, அச்சகம் என்று வளர்ந்து, 'குட்டி ஜப்பான்' என்று பேர் வாங்கும் அளவுக்கு ஊர் பெருசாச்சு. நேரு வைத்த பேர்னு சொல்லுவாங்க.

அந்தக் காலத்தில் தீப்பெட்டி வாங்கினவங்கள்ல பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலதான் லேபிள்ல படம். அணில், சேவல், காக்கா, மயில்... கடையில போய்க் கம்பெனி பேரைச் சொல்ல வேண்டாம், படத்தைச் சொன்னா போதும்.

பட்டாசு ஒரு விசித்திரமான சரக்கு. வெடிச்சுப் பார்த்தாத்தான் நல்லதா, நமுத்ததான்னு தெரியும். வெடிச்ச பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது! அதனால வாங்குறவர் கையில இருக்கிற ஒரே ஆதாரம் போன வருஷ ஞாபகம். போன வருஷம் அணில் புஸ்வாணம் நல்லாப் பூத்துச்சு, இந்த வருஷமும் அணில். விஷயம் அவ்வளவுதான்.

இந்த விசுவாசத்துல ஒரு சௌகரியம் இருக்கு. அடுத்த வருஷம் மார்க்கை மாத்தினா உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. எந்த ஊதுபத்தியை வெச்சாலும் எந்த வெடியும் பத்திக்கும். 'எங்க கம்பெனி வெடியை எங்க கம்பெனி தீப்பெட்டியாலதான் கொளுத்தணும்' என்று யாரும் சொன்னதில்லை. ஸோ, ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கம்பெனி உங்களைப் புதுசா ஜெயிச்சாகணும். சொதப்பினா கஸ்டமர் காலி.

குட்டி ஜப்பான் டு ஒரிஜினல் ஜப்பான்

நின்டெண்டோ எப்படி ஆரம்பிச்சது தெரியுமா? 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு தயாரிக்கிற கம்பெனியா! சீட்டுக்கட்டுல இருந்து கிளம்பி, 1983-ல் ஃபேமிகாம் என்கிற வீடியோ கேம் பெட்டியை ஜப்பானில் இறக்கினார்கள்.

நம்ம மாமா, சித்தப்பா எல்லாம் தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்று விளையாடியது பெரும்பாலும் அந்த ஃபேமிகாமைப் பார்த்துக் காப்பியடிச்ச பெட்டிகள்தான். பெட்டி மேல ஆளுக்கு ஒரு பேர் இருக்கும். ஆனா உள்ளே போற கேசட் எல்லாம் ஒண்ணுதான். எதிர் வீட்டு கேசட்டை வாங்கிட்டு வந்து, ஊதி ஊதி உள்ளே தள்ளினா 'கான்ட்ரா' ஓடும், 'மேரியோ' குதிக்கும். 'என் பெட்டி பெருசா, உன் பெட்டி பெருசா'ன்னு அந்தத் தலைமுறையில யாராவது சண்டை போட்டுக் கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்க மாமாகிட்டயே கேட்டுப் பாருங்க. பெட்டி என்ன கம்பெனின்னே பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. கேம் பேர் மட்டும் வரிசையா வரும்!

காரணம் சிம்பிள். எந்த கேசட்டும் எந்தப் பெட்டியிலும் ஓடுச்சு. பூட்டு இல்லை, அதனால கட்சியும் இல்லை.

1995-ல் செகா மெகா டிரைவ் இந்தியாவுக்கு முறைப்படி வந்தது. கொண்டுவந்தது யார் தெரியுமா? மதுபானங்களுக்குப் பேர்போன ஷா வாலஸ்! விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்து 18,000 எவ்வளவு பெரிய தொகைன்னு உங்க அப்பாகிட்ட கேளுங்க. அந்த செகா கேசட் டிவி கேம் பெட்டியில நுழையாது. டிவி கேம் கேசட் செகாவுல நுழையாது. பூட்டு ஆரம்பிக்கிறது இங்கேதான்.

பூட்டு நம்பர் 1, 2, 3...

சோனி முதல்ல நின்டெண்டோவோட கூட்டு சேர்ந்துதான் சிடி வசதி உள்ள பெட்டி செய்யக் கிளம்பியது. 1991-ல் நின்டெண்டோ கடைசி நேரத்துல பிலிப்ஸ் பக்கம் சாய்ந்தது. கடுப்பான சோனி, 1994-ல் தனியா பிளே ஸ்டேஷனை இறக்கியது. 2000-ல் பிளே ஸ்டேஷன் 2. அது பழைய பிளே ஸ்டேஷன் டிஸ்க்கையும் ஓட்டியது. அதாவது, பழைய கஸ்டமர் தன்னோட டிஸ்க் மூட்டையைத் தூக்கிக்கிட்டு நேரா புது வீட்டுக்குக் குடிவரலாம். 2013 தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்தியதை அறிவிக்கும் வரைக்கும் அது ஓடியது. மொத்தம் 16 கோடிப் பெட்டிகள்! இதுவரைக்கும் உலகத்துல எந்த வீட்டு கன்சோலும் அந்தக் கணக்கைத் தாண்டலை.

இந்தியாவில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது 2006 செப்டம்பரில். பிளே ஸ்டேஷன் 3 வந்தது 2007 ஏப்ரலில், 39,990 ரூபாய்க்கு. நம்ம ஹாஸ்டல் சண்டைக்குப் பிள்ளையார் சுழி அப்போ போட்டதுதான்.

இனி பூட்டுக் கணக்கு. கன்சோல் கம்பெனிகளுக்குப் பெட்டியில பெரிய லாபம் கிடையாது. சில நேரம் நஷ்டத்துக்கே விற்பார்கள். பணம் வருவது கேமில். வேற யாரோ தயாரிச்ச கேமா இருந்தாலும், அந்தப் பெட்டிக்காக விற்கிற ஒவ்வொண்ணுலயும் அவங்களுக்குப் பங்கு உண்டு. அதனால நீங்க பெட்டி வாங்கினா மட்டும் பத்தாது. அங்கேயே தங்கணும்.

அதுக்கு முதல் பூட்டு, அங்கே மட்டுமே கிடைக்கும் கேம். 'காட் ஆஃப் வார்' வேணுமா, பிளே ஸ்டேஷன். 'ஹேலோ' வேணும்னா, ரொம்ப காலம் எக்ஸ்பாக்ஸ்தான்னு இருந்தது. 'மேரியோ' வேணுமா, நின்டெண்டோ. ரெண்டாவது, நீங்க ஏற்கெனவே வாங்கிச் சேர்த்த கேம்கள். மூணாவது, உங்க செட்டு. நாலு ஃப்ரெண்ட்ஸும் ஒரே கன்சோல்ல இருக்கும்போது நீங்க மட்டும் வேற வாங்கினா தனியா உட்கார்ந்து விளையாட வேண்டியதுதான்.

இந்தப் பூட்டு எவ்வளவு கெட்டின்னு ரெண்டு சம்பவம் சொல்றேன். எக்ஸ்பாக்ஸ் 360-ல் சிவப்பு வளையம் எரிந்து பெட்டியே படுத்துவிடும் கோளாறு பரவலா வந்தது. 2007-ல் மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, வாரன்ட்டியை மூன்று வருஷமாக நீட்டியது. ஆனாலும் ரசிகர்கள் ஓடிப் போகலை. 2011 ஏப்ரலில் பிளே ஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். 7.7 கோடி கணக்குகள் சிக்கின. மூணு வாரத்துக்கு மேல் சேவையே கிடையாது. அப்பவும் ஓடலை. பட்டாசுல இது மாதிரி நடந்திருந்தா அடுத்த தீபாவளிக்கே மார்க் மாறியிருக்கும்!

எக்ஸ்பாக்ஸ் பொறுப்பிலிருந்த ஃபில் ஸ்பென்சரே 2023-ல் ஒரு பேட்டியில் இதை ஒத்துக்கிட்டார். பிளே ஸ்டேஷன் 4 காலத்துலதான் ஜனங்க டிஜிட்டலா கேம் வாங்கிச் சேர்க்க ஆரம்பிச்சாங்க, தோற்கக் கூடாத அந்த ரவுண்டுல நாங்க தோத்துட்டோம், இனி சூப்பரா கேம் எடுத்தா மட்டும் அவங்க இந்தப் பக்கம் வந்துட மாட்டாங்க என்கிற அர்த்தத்தில் பேசினார். கம்பெனித் தலைவரே 'பூட்டு அங்கே விழுந்துடுச்சு'ன்னு சொன்ன மாதிரிதான்.

மனசும் ஒரு பூட்டு போடும்

இது வரைக்கும் கம்பெனி போட்ட பூட்டு. நம்மளே நமக்குப் போட்டுக்கிறதும் உண்டு.

ஜாக் பிரெம் என்கிற உளவியலாளர் 1956-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பெண்களிடம் சில வீட்டு உபயோகப் பொருட்களைக் காட்டி மார்க் போடச் சொன்னார். அதில் ரெண்டைக் காட்டி, "ஒண்ணை எடுத்துக்கோங்க" என்றார். எடுத்த பிறகு மறுபடி மார்க் போடச் சொன்னா, எடுத்த பொருளுக்கு மார்க் ஏறிடுச்சு, விட்ட பொருளுக்கு இறங்கிடுச்சு! பொருள் அதேதான். 'நான் செலக்ட் பண்ணது தப்பா இருக்குமோ' என்ற உறுத்தலை மனசு இப்படித்தான் சரி பண்ணிக்கும்.

இன்னொருத்தர் ஹென்றி டாஜ்ஃபெல். பள்ளிப் பையன்களை, 'உனக்கு இந்த ஓவியரைப் பிடிக்கும், உனக்கு அந்த ஓவியரைப் பிடிக்கும்' என்று ரெண்டு குழுவாகப் பிரிச்சார். உண்மையில் பிரிச்சது சும்மா குலுக்கல் முறையில்தான். 1970-ல் அவர் எழுதிய முடிவு என்ன தெரியுமா? காசைப் பங்கு போடச் சொன்னா, பையன்கள் தன் குழுவுக்கே சாதகமாப் போட்டாங்க. தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவை விட ஒரு படி மேல இருந்தா போதும்னு பலர் நினைச்சாங்க.

இப்ப புரியுதா, கன்சோலே இல்லாத பசங்க ஏன் ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்துறாங்கன்னு?

பத்து கேம் = ஒரு பெட்டி

சரி, இதனால நமக்கு என்ன? காசு பாஸ், காசு!

2021 பிப்ரவரியில் பிளே ஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தப்போ டிஸ்க் மாடலின் விலை 49,990 ரூபாய். அதுக்கு வந்த பெரிய கேம்கள் பல 4,999 ரூபாய். கால்குலேட்டரே வேண்டாம், பத்து கேம் வாங்கினா இன்னொரு பெட்டி விலை! மூணு வருஷம் கழிச்சு உங்களை அங்கே பிடிச்சு வைக்கப் போறது பெட்டி இல்லை, அந்தப் பத்து கேம்தான்.

டிஸ்க்கா இருந்தா முடிச்சதும் ஜூனியர்கிட்ட பாதி விலைக்குத் தள்ளிடலாம். ரூம்மேட்டோட மாத்திக்கலாம். டவுன்லோட் பண்ண கேமை விற்க முடியாது. அந்தக் கடையே மூடிட்டாலும் கஷ்டம். வீ-யூ, 3டிஎஸ் ரெண்டுக்கும் நின்டெண்டோ தன் ஆன்லைன் கடையை 2023 மார்ச்சில் சாத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடியது.

ஆனா 2021-ல் நடந்ததையும் கேளுங்க. பிளே ஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடப் போறதா சோனி அறிவிச்சது. ரசிகர்கள் விடாம எதிர்ப்புக் காட்டினாங்க. ஒரே மாசத்துல அந்த முடிவை சோனி வாபஸ் வாங்கியது. 2018-லும் அப்படித்தான். 'ஃபோர்ட்நைட்'டில் மத்த கன்சோல்காரங்களோட சேர்ந்து விளையாட விட மாட்டேன்னு இருந்த சோனி, ரசிகர்கள் கொடுத்த குடைச்சலுக்குப் பிறகு செப்டம்பரில் கதவைத் திறந்தது. 2025-ல் எக்ஸ்பாக்ஸின் 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' பிளே ஸ்டேஷனிலேயே வந்துவிட்டது. சுவர் இடியத் தொடங்கியாச்சு.

அதாவது, கேள்வி கேட்கிற ரசிகனுக்குத்தான் கம்பெனி இறங்கி வருது. 'என் தலைவன் என்ன பண்ணாலும் சரி'ன்னு சொல்றவனுக்கு ஏன் இறங்கணும்?

விசுவாசமே கூடாதுன்னு நான் சொல்லலை. பழகின கன்ட்ரோலர் கையில உட்கார்ற சுகம் தனி. செட்டோட சேர்ந்து விளையாடின ராத்திரிகளும் உண்மை. நின்டெண்டோவின் வீ-யூ ஒன்றரைக் கோடி கூட விற்காமப் படுத்தப்பவும் கைவிடாத ரசிகர்கள், 2017-ல் வந்த ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டினதைப் பார்த்து சந்தோஷப்பட்டாங்க. அது அவங்க சம்பாதிச்ச சந்தோஷம்.

ஆனா அடுத்த கன்சோலுக்கு வீட்ல காசு கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. எனக்கு நிஜமா வேணும்னு தோணுற அஞ்சு கேம் எது? அது எந்தெந்தப் பெட்டியில ஓடும்? பழைய கேம் புதுசுல ஓடுமா? டிஸ்க் போட முடியுமா? என் செட்டு எங்கே இருக்கு? இதுக்கெல்லாம் பதில் எழுதிட்டு, அப்பவும் அதே கம்பெனி வந்தா தாராளமா வாங்குங்க. அது அணில் மார்க் விசுவாசம். பதிலே எழுதாம 'நம்ம கட்சி'ன்னு வாங்கினா அது பூட்டு.

உங்க ஹாஸ்டல்ல எந்தக் கட்சி ஸ்ட்ராங்? ஏன்? கார்டுல எழுதிப் போடுங்க. 'சும்மா, பிடிக்கும்'னு மட்டும் எழுதக் கூடாது, காரணம் வேணும்!

அடுத்த வாரம் பார்ப்போம்... டாட்டா!