அச்சத்திற்குப் பெயரிடுதல்

மாணவர்க்கான பொதுவறிவு நூல்களில் அச்சநோய்களின் பெயர்ப்பட்டி ஒன்று தவறாது இடம்பெறுகின்றது. உயரத்திற்கு அஞ்சுவது அக்ரோபோபியா, சிலந்திக்கு அஞ்சுவது அரக்னோபோபியா, பதின்மூன்று என்னும் எண்ணுக்கு அஞ்சுவது திரிசுகைதெகபோபியா என அவை அடுக்கப்பெறும். மாணவர் நெட்டுருச் செய்வர். தூயதமிழ் அன்பருட் சிலரோ அப்பட்டியை எடுத்துக்கொண்டு, கிரேக்கச் சொல் ஒன்றுக்குத் தமிழ்ச்சொல் ஒன்றென ஓரிரவில் நேர்நிறுத்தி முடித்துவிடுகின்றனர். முன்னது அடிமைத்தனம் என்பதில் ஐயமில்லை. பின்னதும் தமிழாக்கம் ஆகாது என்பதே ஈண்டுக் கூறவேண்டுவது.

போபியா என்பதன் மூலம் போபோசு. ஓமரின் பாட்டில் அச்சொல் வெறும் அச்சத்தைக் குறித்ததன்று. போர்க்களத்தில் நிலைகுலைந்து வெருண்டோடுதலையே குறித்தது. போர்த் தெய்வமாகிய ஏரிசின் மகன் பெயரும் அதுவே. (1877-இல் செவ்வாய்க் கோளின் இரு நிலவுகளைக் கண்டபோது ஒன்றற்குப் போபோசு என்றும் மற்றதற்கு அவன் உடன்பிறந்தான் தெய்மோசின் பெயரையும் இட்டனர்.) கிரேக்கனுக்கு அது வாய்மொழிச் சொல், அகரமுதலியைப் புரட்டித்தான் அவன் அதை அறிந்தான் என்பதில்லை.

அகோரபோபியா என்னும் பெயரின் வரலாறு விரித்துரைக்கத் தக்கது. பெர்லின் நகர மருத்துவர் வெசுட்பால் 1871-இல் அப்பெயரை ஆக்கினார். அவரிடம் வந்த நோயர் சிலர் அகன்ற சதுக்கங்களையும் ஆளரவமற்ற தெருக்களையும் கடக்க இயலாது நடுங்கினர். உடன் ஒருவர் வந்தால் நடுக்கம் தணிந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே வியன்னா மருத்துவர் பெனடிக்கு இதனைச் சதுக்கத் தலைச்சுற்றல் என்னும் பொருள்படத் தம் செருமானிய மொழியிலேயே குறித்திருந்தார். நிலைத்ததோ கிரேக்கப் பெயர். செருமானியர் தம் மொழியில் பிளாட்சங்குசுட்டு என்றும் ஒரு சொல் கொண்டனர். ஆயின் பிளாட்சு என்பது சதுக்கத்தையும் இடத்தையும் ஒருங்கே குறித்தலின், பொதுமக்கள் வழக்கில் அச்சொல் அடைபட்ட இடத்திற்கு அஞ்சுதல் என நேரெதிர்ப் பொருளுக்குத் திரிந்துவிட்டது. தாய்மொழிச் சொல்லாயினும் ஆராயாது இட்டால் இவ்வாறு நேரும் என்க.

தமிழில் அதனைத் திறந்தவெளி அச்சம் என்று எழுதி வருகின்றனர். அகோரா என்பது வெறும் வெளியன்று. கூடுதல் என்னும் வினையடியாகப் பிறந்து, ஊரவர் கூடும் பொதுவிடத்தையும் அங்காடியையும் குறித்த சொல் அது. அந்நோயரும் வெட்டவெளிக்கு மட்டும் அஞ்சுவாரல்லர். சந்தைக்கும் பேருந்துக்கும் கூட்டத்திற்கும், எளிதில் வெளியேறவோ உதவி பெறவோ இயலாத எவ்விடத்திற்கும் அஞ்சுவர். கழக இலக்கியத்தில் ஊர்ப்பொதுவிடமாக வரும் மன்றம் என்னும் சொல் இருக்க, வெளி என்பானேன்?

போபியா என்று முடிவன எல்லாம் அச்சமும் அல்ல. போட்டோபோபியா என்பது ஒளி பட்டால் கண் நோதல். அதற்கு ஒளியச்சம் என்று மொழிபெயர்த்த நூல் உண்டாயின் அதனை எழுதியவர் ஒருநாளும் கண்நோவு கண்டிலர் போலும். கண்கூச்சம் என எந்தப் பாட்டியும் சொல்வாள். ஐதரோபோபியாவும் அத்தகையது. வெறிநாய்க்கடி நோயர் நீர்வேட்கையால் துடிப்பர். விழுங்க முயன்றால் தொண்டைத் தசைகள் இசிவு கொள்வதால் நீரைக் கண்டதும் நடுங்குவர். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே உரோமானிய நூலாசிரியர் கெல்சசு அவ்வேட்கையையும் நடுக்கத்தையும் சேர்த்தே குறித்துள்ளார். அதனை உளநோய்ப் பெயர்களோடு ஒருங்கு வைத்து நீரச்சம் என்றல் நோயையே மறைப்பதாகும். செனோபோபியா அச்சமென்பதினும் பகைமையே. அயலார் வெறுப்பு என்பதே அதற்கு நேர்மையான பெயர். செனோசு என்னும் கிரேக்கச் சொல் அயலானையும் விருந்தினனையும் ஒருங்கே குறித்தது. விருந்து என்பதற்குப் புதுமை எனத் தொல்காப்பியர் கொண்ட பொருளை நினைவார்க்கு அது வியப்பளிக்காது.

இனிப் பொதுப்பெயர். அச்சம் என்பது எல்லா அச்சத்திற்கும் பொது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அச்சத்திற்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களனும் அஞ்சத்தக்கவையே; அவற்றிற்கு அஞ்சுதல் நோயன்று. அஞ்சத்தகாததற்கு அளவிறந்து அஞ்சுதலுக்கு வேறு சொல் வேண்டும். வெரு என்னும் அடியினின்று அறிஞர் சிலர் ஆண்டுவரும் வெருளி அதற்குப் பொருந்தும். புலத்தில் நிறுத்தும் புல்லுருவுக்கும் அது பெயராயிற்றே எனத் தடை கூறுவர். பறவை வைக்கோலை ஆளென மருண்டோடுவதும், நோயர் தீங்கற்ற பல்லிக்கு வெருண்டோடுவதும் ஒருதன்மையவே ஆகலின் அத்தடை அச்சொல்லுக்கு அரணாகவே அமைகின்றது. வேற்றுச்சொல் கலவாமையில் உறுதி மிக்க ஐசுலாந்தினர் போபியாவுக்கு வழங்கும் பைல்னி என்னும் சொல்லும் குதிரை மிரளுதலைக் குறிக்கும் அடியிற் பிறந்ததே. மாடு வெருளுகிறது என்னும் உழவனும் அவர்களும் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றனர்.

நூற்றுக்கணக்கான பெயரும் தேவைதானா? அமெரிக்க உளநூலறிஞர் சிட்டான்லி ஆல் 1914-இல் நூற்றுக்கு மேற்பட்ட அச்சங்கட்குக் கிரேக்கப் பெயர் வகுத்தார். எகிப்தின் பத்துக் கொள்ளைநோய்களைக் கேட்பது போன்றுள்ளது எனப் பிராய்டு அத்தகைய பட்டியைப் பின்னர் எள்ளினார். 1980-இல் அமெரிக்க உளமருத்துவக் கழகம் வெளியிட்ட வகைப்பாட்டில் எஞ்சியவை மூன்றே: அகோரபோபியா, பிறர்முன் நிற்க அஞ்சுதல், குறித்ததொரு பொருளுக்கு அஞ்சுதல். முதலது மன்றவெருளி. இரண்டாவதை அவைவெருளி எனலாம். அவையஞ்சாமைக்கு வள்ளுவர் ஓரதிகாரமே வகுத்துள்ளார். ஆயின் பிறர் காண உண்ணவும் எழுதவும் கூசுவாரையும் அச்சொல் தழுவுமா என்பதை மருத்துவரோடு அமர்ந்தே தெளிதல் வேண்டும். மூன்றாவதற்குப் பொருளின் பெயரை முன்னே வைத்தலே போதும்: நாய்வெருளி, இடிவெருளி, ஊசிவெருளி.

சந்தைக்குள் நுழைந்தால் நெஞ்சு அடைக்கிறது, கால் துவள்கிறது என்று தமிழிலேதான் நோயர் மருத்துவரிடம் கூறுகின்றனர். திரும்பும்போது கையிலுள்ள சீட்டில் அவர்கள் படிக்கவியலாத கிரேக்கச் சொல் ஒன்று இருக்கின்றது. பைத்தியம் என்று எழுதிவிட்டாரோ எனப் பிறரிடம் காட்டவும் கூசி அதனை மடித்து வைத்துக்கொள்கின்றனர்.